டிஜிட்டல் தடங்களை ஆய்வுத் தரவாகப் படிப்பது எப்படி: டர்பனில் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

பேஸ்புக் பதிவுகள், வாட்ஸ்அப் குழு உரையாடல்கள், கூகுளில் தேடிய சொற்கள், அழைப்பு நேரங்கள். நாம் ஏதோ ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது கணினி தன் பாட்டுக்குக் குறித்துவைத்துக்கொள்ளும் இவற்றைத்தான் டிஜிட்டல் தடங்கள் என்கிறோம். சமூக அறிவியல் மாணவர்கள் பலர் இப்போது முதலில் கைவைப்பது இதில்தான். கேள்வித்தாள் அச்சடிக்க வேண்டாம், வீடு வீடாக ஏறி இறங்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலேயே லட்சம் வரிகள் கிடைத்துவிடுகின்றன. கிடைத்த வரிகளை என்னவென்று படிப்பது என்பதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில், குறிப்பாக டர்பன் வட்டாரத்தில், தமிழ்ச் சமூகத்தைப் பற்றி இப்படியொரு ஆய்வைத் தொடங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த ஊருக்கு இது ஒன்றும் புதிய பிரச்சினை இல்லை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர், டர்பன் இருக்கும் நாட்டால் பகுதிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்தார்கள். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர் என்று ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதிய கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. பூர்வீகம் தேடும் குடும்பங்கள் அவற்றைத்தான் புரட்டுகின்றன. ஆனால் அந்தப் பட்டியலை எழுதிய எழுத்தர் யாருடைய குடும்ப வரலாற்றையும் எழுத உட்காரவில்லை. யார் யார் வந்தார்கள், எந்த முதலாளியிடம் போகிறார்கள் என்று கணக்கு வைப்பது அவர் வேலை. பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினார். சாதிக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று எதையாவது எழுதி நிரப்பினார். அந்தப் பட்டியலை வைத்து ‘இத்தனை சதவீதம் இந்தச் சாதி’ என்று கணக்குப் போடுபவர், முதலில் அந்த எழுத்தரின் மேசையைப் பற்றி யோசித்தாக வேண்டும்.

பேஸ்புக் சர்வரும் அப்படிப்பட்ட ஒரு மேசைதான். அது நம் ஆய்வுக்காக எதையும் எழுதவில்லை, விளம்பரம் விற்பதற்காக எழுதுகிறது. அதனால் ‘இந்தத் தடம் என்ன சொல்கிறது’ என்று கேட்பதற்கு முன்னால் ‘இந்தத் தடம் எப்படி விழுந்தது’ என்று கேளுங்கள். கீழே வருவதெல்லாம் இந்த ஒரு கேள்வியை எந்தெந்த இடத்தில் எப்படிக் கேட்பது என்பதுதான்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

‘டர்பன் தமிழர்களும் சமூக ஊடகமும்’ என்று ஆரம்பித்தால் எங்கேயும் போய்ச் சேர மாட்டீர்கள். ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய அளவுக்கு ஒரு கேள்வியைக் குறுக்குங்கள். இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: டர்பன் தமிழ்க் குடும்பங்களில் புரட்டாசி விரதம் இருப்போர் கூடுகிறார்களா?

இங்கே புரட்டாசி எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஊருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். தமிழ் பேசவே தெரியாத வீட்டில்கூட அந்த மாதம் முழுக்க இறைச்சி சமைக்காத குடும்பங்கள் உண்டு. செப்டம்பர் நடுவிலிருந்து பேஸ்புக்கில் சைவச் சமையல் குறிப்புகளும், சனிக்கிழமை விளக்குப் பூஜைப் படங்களும் வந்துகொண்டே இருக்கும். எண்ண ஆசைப்படுபவருக்கு இது பெரிய விருந்து.

எண்ணுவதற்கு முன் ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் நீங்கள் அறிய விரும்புவதை எழுதுங்கள்: விரதம் இருப்பவர்கள். வலப்பக்கம் உங்கள் கையில் இருப்பதை எழுதுங்கள்: விரதத்தைப் பற்றி வந்த பதிவுகள். இரண்டும் ஒன்றில்லை. எந்த ஆரவாரமும் இல்லாமல் ஐம்பது வருடமாக விரதம் இருக்கும் பாட்டி எந்தத் தடமும் விடுவதில்லை. வியாழக்கிழமை ஆட்டுக்கறி சாப்பிட்டவர் வெள்ளிக்கிழமை பீன்ஸ் கறிக் குறிப்பைப் பகிர்ந்திருக்கலாம். பதிவுகள் இரட்டிப்பானால் விரதம் பெருகியிருக்கலாம், விரதத்தைப் பற்றிப் பேசுவது பெருகியிருக்கலாம், கைபேசி வைத்திருப்பவர்கள் பெருகியிருக்கலாம். அந்தத் தாளை மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். ஆய்வு முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.

உங்கள் சொந்தத் தடத்தைத் திறந்து பாருங்கள்

அடுத்தவர் தரவைத் தொடுவதற்கு முன் உங்கள் தரவை இறக்குங்கள். பேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் மூன்றிலும் உங்கள் தகவலின் நகலை இறக்கிக்கொள்ள வழி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு உரையாடலைத் திறந்து எக்ஸ்போர்ட் கொடுத்தால் எழுத்துக் கோப்பாக வந்துவிடும்.

திறந்ததும் சில விஷயங்கள் கண்ணில் படும். பேஸ்புக் நகலை ஜேசன் (நிரல்கள் படிப்பதற்கான கோப்பு) வடிவில் எடுத்தால் தமிழில் எழுதிய பதிவுகளெல்லாம் புரியாத குறிகளாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பேஸ்புக் எழுத்துகளைத் தவறாகக் குறியேற்றி எழுதுவதால் வரும் கோளாறு அது. பைத்தான் நிரல்மொழியில் அந்த எழுத்தை லத்தீன்-1 என்ற குறியேற்றமாக எடுத்து, யூடிஎஃப்-8 என்ற குறியேற்றமாகத் திரும்பப் படித்தால் தமிழ் ஒழுங்காக வந்துவிடும். நிரல் எழுதத் தெரியாதவர்கள் உலாவியில் திறந்து படிக்கக்கூடிய எச்டிஎம்எல் வடிவில் இறக்கினால் போதும். அப்புறம் நேரம். அதே ஜேசன் கோப்பில் நேரம் உலகப் பொது நேரக் கணக்கில் நீளமான ஓர் எண்ணாக இருக்கும். தென்னாப்பிரிக்க நேரம் அதைவிட இரண்டு மணி முன்னால். மாற்ற மறந்தால், காலை ஆறு மணிக்கு விளக்கேற்றிப் போட்ட படம் உங்கள் அட்டவணையில் நாலு மணிக்கு வந்துவிடும். ‘அதிகாலை பக்தி’ என்று ஒரு அத்தியாயமே எழுதிவிடுவீர்கள்.

வாட்ஸ்அப் கோப்பில் ஒரு வரி இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

2023/09/23, 05:48 - உறுப்பினர் 07: மீடியா சேர்க்கப்படவில்லை
2023/09/23, 05:51 - உறுப்பினர் 12: (கைகூப்பும் படம் இரண்டு)

அன்று புரட்டாசிச் சனிக்கிழமை. எழுத்தை மட்டும் எண்ணும் நிரலுக்கு முதல் வரி வெற்று வரி, இரண்டாவது ஒரு கும்பிடு. ஆனால் அந்த ‘மீடியா’ நாலு நிமிட வாய்ஸ் நோட்டாக இருக்கலாம். கோயில் குழுக்களில் பெரியவர்கள் தட்டச்சு செய்வதைவிட வாய்ஸ் நோட்டில் பேசுவதைத்தான் விரும்புகிறார்கள். விளக்கு எப்போது ஏற்றுவது, நாமம் எப்படிப் போடுவது, பெரியம்மா காலத்தில் என்ன வழக்கம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ‘குழுவில் இளையோர் குரலே ஓங்கியிருக்கிறது’ என்று முடிவுகட்டினால், விஷயம் தெரிந்தவர்களையெல்லாம் வெளியே நிறுத்திவிட்டுக் கணக்கு எடுத்ததாக ஆகும். மீடியாவோடு எக்ஸ்போர்ட் செய்யுங்கள், வாய்ஸ் நோட்டுகளை உட்கார்ந்து கேளுங்கள். வேலை அதிகம்தான், இதற்குக் குறுக்குவழி இல்லை.

இன்னொன்று: ஒரு எண் என்றால் ஒரு ஆள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டியின் கைபேசியில் பேரன் பதில் போடுவான். கணவனும் மனைவியும் ஒரே கணக்கை வைத்திருப்பார்கள்.

அனுமதி

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் கடைசியில் மாட்டிக்கொள்வார்கள்.

தென்னாப்பிரிக்காவின் தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம், வாய்வழக்கில் போபியா, 2013இல் நிறைவேறியது. 2021 ஜூலை 1 முதல் எல்லா நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று ஆனது. மத நம்பிக்கை, இனம், உடல்நலம், அரசியல் சார்பு ஆகியவற்றைச் சட்டம் சிறப்புப் பாதுகாப்புக்குரிய தகவலாக வைத்திருக்கிறது. நம் எடுத்துக்காட்டில் இருப்பது மதமும் இனமும்தான். ஆய்வுக்கென்று சட்டத்தில் விலக்குகள் உண்டு, ஆனால் அவை நிபந்தனையோடு வருபவை. பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு வரிகூட இறக்காதீர்கள்.

‘பொதுவெளியில் இருப்பதுதானே, எடுத்தால் என்ன’ என்ற வாதம் அடிக்கடி வரும். கோயில் குழுவில் கருச்சிதைவுக்கு ஆளான தன் மகளுக்காகப் பிரார்த்திக்கச் சொல்லி எழுதிய அம்மா, அதை இருநூறு உறவுக்காரர்களுக்காக எழுதினார், உங்கள் ஆய்வேட்டுக்காக அல்ல. பெயரை அழித்துவிட்டால் போதும் என்பதும் சரிப்படாது. 2006 ஆகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணையச் சேவை நிறுவனம் ஆறரை லட்சம் வாடிக்கையாளர்களின் தேடல் சொற்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆய்வாளர்களுக்காக வெளியிட்டது. சில நாட்களிலேயே பத்திரிகையாளர்கள் தேடல்களை மட்டும் படித்து ஒரு மூதாட்டியை வீடு தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் மாதிரி, எல்லோரும் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தமாக இருக்கும் இடத்தில், ‘யூனிட் மூன்று, கோயில் செயலாளர், இரண்டு மகள்கள்’ என்று எழுதினாலே ஆளைக் காட்டிக்கொடுத்த மாதிரிதான்.

2021 ஜூலைக் கலவரத்தில் நாடு முழுவதும் 350க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் இன்னொரு பகுதியான பீனிக்ஸில் நடந்த சாவுகளின் காயம் இன்னும் ஆறவில்லை. அந்த நாட்களில் தெருக்காவலுக்கென்று ஓடிய வாட்ஸ்அப் குழுக்களைத் தரவாக எடுக்க ஆசைப்படும் மாணவர்கள் உண்டு. என் கருத்து இது: முதல் ஆய்வாக அதைத் தொடாதீர்கள். ஒரு வரி கசிந்தாலும் ஒருவர் வழக்கிலோ உயிராபத்திலோ சிக்கலாம். அனுபவமுள்ள குழுவும், சட்ட ஆலோசனையும், பாதுகாப்பான சேமிப்பும் இருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை அது.

சரி, வழி என்ன? நிறுவனங்கள் ஆய்வாளர்களுக்குத் திறந்துவைத்திருந்த கதவுகள் பல மூடிவிட்டன. ட்விட்டர் இலவச அணுகலை 2023இல் நிறுத்தியது. பேஸ்புக் பதிவுகளைத் தேடப் பயன்பட்ட கிரவுட்டேங்கிள் என்ற கருவியை, பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடியது. இன்று புதியவருக்கு உகந்த வழி தரவுக் கொடை: ஒவ்வொருவரும் தன் நகலைத் தானே இறக்கி, வேண்டாததைத் தானே நீக்கிவிட்டு, ஒப்புதலோடு உங்களிடம் தருவது. குறைவான பேர்தான் தருவார்கள். ஆனால் தருபவர் யாரென்று தெரியும், அவரிடம் திரும்பிப் போய்க் கேள்வி கேட்கலாம். பின்னால் இதன் அருமை தெரியும். வாட்ஸ்அப் குழு என்றால் அட்மின் ஒருவர் சரி சொன்னால் போதாது. குழுவிலுள்ள எல்லோருக்கும் அறிவித்து, வேண்டாம் என்பவர்களின் வரிகளை நீக்கிவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எந்தச் சொல்லைத் தேடுவது, யாரை எண்ணுவது

தமிழ் எழுத்தில் ‘புரட்டாசி’ என்று தேடினால் டர்பன் கிடைக்காது. சென்னையும் மதுரையும் சிங்கப்பூரும்தான் வரும். இங்கே பெரும்பாலோர் வீட்டில் பேசுவதும் எழுதுவதும் ஆங்கிலம். அரசியலமைப்பின் ஆறாவது பிரிவு தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு மதிக்கச் சொல்கிறது. ஆனாலும் தமிழ் எழுத்தில் தட்டச்சு செய்பவர்கள் பெரும்பாலும் அண்மையில் தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள். ஆங்கில எழுத்தில் ‘பர்டாஸி’ என்று வாசிக்கும்படியான எழுத்துக்கூட்டல்தான் இங்கே புழங்குகிறது. தமிழ்நாட்டுக்காரர்கள் ஆங்கிலத்தில் எழுதும் விதம் வேறு. காவடியை இங்கே எழுதுவது ஒரு விதம், மொரீஷியஸில் எழுதுவது வேறு விதம். எழுத்துக்கூட்டல்களையெல்லாம் நீங்களே யோசித்துப் பட்டியல் போடாதீர்கள். நாலு பேரிடம் ‘இதை எப்படி டைப் பண்ணுவீர்கள்’ என்று கேட்டு வாங்குங்கள்.

குடும்பப் பெயரை வைத்துத் தமிழரைப் பிரித்தெடுக்கும் பழக்கமும் புதியவர்களிடம் உண்டு. நாயுடு என்பவர் தெலுங்கு வழி வந்தவராக இருக்கலாம், தன்னைத் தமிழர் என்று சொல்லிக்கொள்பவராகவும் இருக்கலாம். பிள்ளை, மூட்லி, கோவெண்டர் என்ற பெயரோடு ஞாயிறுதோறும் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் குடும்பங்கள் டர்பனில் ஏராளம். அவர்கள் புரட்டாசி இருப்பதில்லை. அவர்களை உங்கள் கணக்கில் சேர்த்தால் விரதம் ‘குறைந்ததாக’த் தெரியும், ஆனால் அங்கே குறைவதற்கு எதுவும் இல்லை.

ஊர்ப்பெயர் போட்ட நினைவுக் குழுக்களிலும் கவனமாக இருங்கள். பழைய சாட்ஸ்வொர்த் படங்களைப் பகிரும் ஒரு குழுவில் பாதிப் பேர் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் குடியேறியவர்களாக இருக்கலாம். ஊரை விட்டுப் போனவர்கள்தான் ஊரைப் பற்றி அதிகம் எழுதுவார்கள்.

நேரமும் காசும் மின்சாரமும்

புதியவர்கள் கணக்கில் எடுக்காமல் விடுவது அதிகமாக இங்கேதான். வரைபடத்தில் ஏற்றமோ இறக்கமோ தெரிந்தவுடன் அதற்கு மனசில் காரணம் தேடுகிறோம். பாதி நேரம் காரணம் பையில் இருக்கும், அல்லது மின்கம்பியில் இருக்கும்.

தென்னாப்பிரிக்காவில் டேட்டா நெடுங்காலம் யானை விலை விற்றது. 2016இல் விலையைக் குறைக்கச் சொல்லி இணையத்தில் பெரிய இயக்கமே நடந்தது. போட்டி ஆணையம் 2019 டிசம்பரில் விலை அதிகம் என்று அறிக்கை வெளியிட்டது. அதன் பிறகு 2020 ஏப்ரல் 1 முதல் கைபேசிச் சேவை நிறுவனமான வோடகாம் ஒரு ஜிபி மாத டேட்டாவை 149 ராண்டிலிருந்து 99 ராண்டாகக் குறைத்தது. ஆகவே 2019ஐயும் 2020ஐயும் ஒப்பிட்டு ‘வீடியோப் பதிவுகள் பெருகின’ என்று எழுதினால், அதில் எவ்வளவு பக்தி, எவ்வளவு விலைக்குறைப்பு, எவ்வளவு கொரோனா ஊரடங்கு என்று பிரிக்க வேண்டும். கோயில் மூடியிருந்த ஆண்டில் பூஜையைக் கைபேசியில் காட்டியதும் அதே எண்ணிக்கையில்தான் சேரும்.

நள்ளிரவுக்கு மேல் மட்டும் செல்லுபடியாகும் மலிவு டேட்டா இங்கே வெகுநாளாக உண்டு. அதனால் இரவு ஒரு மணிக்கு ஒரு இளைஞர் பத்து பஜனை வீடியோக்களை ஏற்றியிருந்தால், அவர் தூக்கம் வராமல் தவித்தார் என்று அர்த்தமில்லை. காசு மிச்சம் பிடித்திருக்கிறார். வாட்ஸ்அப்புக்கு மட்டும் என்று விற்கும் சின்னப் பொதிகளும் அப்படித்தான். அதை வாங்குபவர் மாதக் கடைசியில் பேஸ்புக்கில் காணாமல் போவார், வாட்ஸ்அப்பில் இருப்பார். ‘ஆர்வம் குறைந்தது’ என்று அதைப் படிக்கக் கூடாது.

அப்புறம் லோட் ஷெடிங், அதாவது மின்சாரம் போதாமல் பகுதி பகுதியாக முறைவைத்துச் செய்த மின்வெட்டு. 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. இரண்டு மணி, நாலு மணி என்று கரண்ட் போனபோது வைஃபை போனது, சற்று நேரத்தில் கைபேசிக் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து சிக்னலும் போனது. சனிக்கிழமை மாலை ஏழு மணிக்குப் பதிவுகள் சரிந்து ஒன்பதரைக்குக் குபீரென்று எழும்பினால், முதலில் அந்த வட்டாரத்தின் மின்வெட்டு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டர்பன் ஆய்வாளருக்கு இதில் ஒரு வசதியும் கிடைக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் மின் கட்டமைப்பு சேதமானதால், டர்பன் மாநகராட்சிப் பகுதிக்குச் சில மாதங்கள் லோட் ஷெடிங்கிலிருந்து விலக்கு கிடைத்தது. அதே மாதங்களில் ஜோகன்னஸ்பர்க்கில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் லெனேசியாவில் வெட்டு நடந்தது. இரண்டு ஊர்க் குழுக்களையும் ஒப்பிட்டால் மின்சாரத்தின் பங்கைக் கொஞ்சம் பிரித்தெடுக்கலாம்.

நாட்காட்டியும் விளையாடும். செப்டம்பர் 24 தென்னாப்பிரிக்காவில் பாரம்பரிய நாள். பாதி நாடு அன்று வெளியே அடுப்பு மூட்டி இறைச்சி சுடும், அந்தப் படங்களைப் போடும். அது புரட்டாசி மாதத்துக்குள்ளேயே விழுகிறது. அன்று உங்கள் குழுவில் இறைச்சிப் படங்கள் கூடினால் விரதம் முறிந்தது என்று பொருளா, வேறு சமூகத்து நண்பர்களின் படங்கள் பகிரப்பட்டன என்று பொருளா, காளானும் சோளமும் சுட்டதையும் நிரல் இறைச்சி என்று எண்ணிவிட்டதா? படத்தைத் திறந்து பார்க்காமல் தெரியாது.

இயந்திரம் தூண்டிய தடங்கள்

சில தடங்களை மனிதர் விடுவதே இயந்திரம் தூண்டுவதால்தான். பேஸ்புக் 2015இலிருந்து ‘இதே நாளில்’ என்று பழைய பதிவுகளை எடுத்துக் காட்டுகிறது. போன புரட்டாசியில் போட்ட விளக்குப் படம் இந்தப் புரட்டாசியில் தானாக வந்து நிற்கும், ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி பகிர்ந்தாயிற்று. நினைவூட்டப் பழைய பதிவு எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு பகிர்வும் கூடும். இதை எண்ணி ‘விரதப் பதிவுகள் ஆண்டுதோறும் பெருகுகின்றன’ என்று வரைபடம் போட்டால், நீங்கள் அளந்தது பேஸ்புக்கின் நினைவூட்டலை. மறுபகிர்வுகளைத் தனியாகப் பிரித்து எண்ணுங்கள். 2016 பிப்ரவரிக்கு முன் ‘லைக்’ மட்டும்தான் இருந்தது, அதற்குப் பிறகுதான் இதயமும் அழுமுகமும் உலகெங்கும் வந்தன என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த மாதிரி மாற்றங்களுக்கென்று தேதிவாரியாக ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுளே இதில் சறுக்கியிருக்கிறது. தேடல் சொற்களை வைத்து ஃப்ளூ காய்ச்சல் பரவலைக் கணிக்கும் சேவையை 2008இல் தொடங்கினார்கள். 2012–13 குளிர்காலத்தில் அது அமெரிக்க அரசின் கணக்கைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காட்டியது. செய்திகளைப் பார்த்துப் பயந்து தேடியவர்களும், தேடல் பெட்டியே எடுத்துக்கொடுத்த சொற்களும், காய்ச்சலோடு சம்பந்தமில்லாமல் குளிர்காலத்தில் மட்டும் கூடும் சொற்களும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. 2015இல் அந்தக் கணிப்புகளை வெளியிடுவது நின்றது. எந்தச் சொல் எப்போது எவ்வளவு தேடப்பட்டது என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸைப் பயன்படுத்துவோர் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் வரும் 0 முதல் 100 வரையான எண் தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை. நீங்கள் கேட்ட கால அளவின் உச்சத்தை 100 என்று வைத்த ஒப்பீடு அது.

உணர்ச்சியை எண்ணுவது

புதியவர்களுக்கு என் கண்டிப்பான அறிவுரை: தயாராகக் கிடைக்கும் உணர்ச்சி அகராதியை, அதாவது எந்தச் சொல் கோபம், எந்தச் சொல் மகிழ்ச்சி என்று பிரித்துவைத்த பட்டியலை, அப்படியே ஓட்டாதீர்கள்.

2001 செப்டம்பர் 11 அன்று அமெரிக்காவில் பேஜர்களுக்குப் போன செய்திகளை எடுத்து, சொற்களை எண்ணி, நாள் முழுக்கக் கோபம் ஏறிக்கொண்டே போனது என்று 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. அடுத்த ஆண்டே இன்னொரு ஆய்வாளர் அதே செய்திகளைத் திறந்து படித்தார். ‘இந்தக் கணினியை மறுபடி தொடங்கவும், நிலை: கிரிட்டிகல்’ என்று ஒரு தானியங்கி இயந்திரம் ஒரே பேஜருக்கு ஆயிரக்கணக்கில் அனுப்பிக்கொண்டிருந்தது. ‘கிரிட்டிகல்’ என்ற சொல்லை அகராதி கோபம் என்று எண்ணியிருந்தது. ஏறிய கோபத்தில் பெரும்பங்கு ஒரு கணினியின் புலம்பல். செய்திகளை வரிசைப்படுத்தி முதல் நூறை ஒருவர் கண்ணால் படித்திருந்தாலே பிடிபட்டிருக்கும்.

நம் ஊரில் இதன் வடிவம் வேறு. தென்னாப்பிரிக்க ஆங்கிலத்தில் ‘ஷேம்’ என்றால் ‘ஐயோ பாவம்’ அல்லது ‘செல்லம்’. பேத்தி பாவாடை கட்டிக் கோயிலுக்கு வந்த படத்தின் கீழே இருபது பேர் ‘ஷேம்’ என்று எழுதியிருப்பார்கள். அமெரிக்காவில் தயாரான அகராதி அதை இருபது அவமானங்களாக எண்ணும். முந்நூறு வரிகளை எடுத்து, இந்த ஊரில் பிறந்து வளர்ந்த இருவரைத் தனித்தனியாகக் குறிக்கச் சொல்லுங்கள். இருவரும் எங்கெங்கே மாறுபடுகிறார்கள் என்று பாருங்கள். அவர்களே ஒத்துப்போகாத இடத்தில் இயந்திரத்தின் பதிலுக்கு மதிப்பில்லை.

தடம் விட்டவரோடு உட்காருங்கள்

ருவாண்டாவில் 15 லட்சம் கைபேசி வாடிக்கையாளர்களின் அழைப்புப் பதிவுகளை வைத்து, யார் வசதியானவர், யார் ஏழை என்று மதிப்பிட்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. அதற்கு உயிர் கொடுத்தது அவர்கள் தொலைபேசியில் அழைத்துப் பேசிய 856 பேர். வீட்டில் என்ன இருக்கிறது, என்ன வேலை என்று அவர்களிடம் கேட்டு, பதிலை அவர்களுடைய அழைப்புப் பதிவோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் மீதி லட்சங்களைப் படிக்க முடிந்தது. பெரிய தரவு இருப்பதால் சின்னக் கேள்விகள் தேவையில்லாமல் போய்விடாது.

உங்களுக்குப் பதினைந்து, இருபது பேர் போதும். தரவு கொடுத்தவரின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கைபேசியை அவரே மேலும் கீழும் தள்ளியபடி பேசட்டும். ‘நீங்கள் ஏன் விரதம் இருக்கிறீர்கள்’ என்று ஆரம்பிக்காதீர்கள், மேடைப் பதில்தான் வரும். ‘ஆண்ட்டி, இதைப் போடும்போது எங்கே இருந்தீர்கள்?’ என்று ஒரு பதிவைக் காட்டிக் கேளுங்கள். அப்படிக் கேட்டபோது சாட்ஸ்வொர்த்தில் ஒரு அம்மா சொன்னது: “எல்லாருக்கும் லைக் போடுவேன் பா. பிடிச்சு இல்லே. பாத்தேன்னு தெரியணும், இல்லேன்னா கோயில்ல பாக்கும்போது ‘என்ன கண்டுக்கவே இல்லே’ன்னு கேப்பாங்க.” லைக் என்பதை ஆதரவு என்று எண்ணியிருந்த அட்டவணையில் அந்த நெடுவரிசையையே மாற்ற வேண்டியிருந்தது. இந்தச் சமூகத்தில் லைக் பல சமயம் வருகைப் பதிவு.

விடாத தடத்தையும் கேளுங்கள்: எதைப் போடாமல் விட்டீர்கள், எதை அழித்தீர்கள், எந்தக் குழுவிலிருந்து வெளியேறினீர்கள். மாமியார் இருக்கும் குழுவில் சொல்லாததை மருமகள்கள் தனிக்குழுவில் சொல்வார்கள். அந்தக் குழு உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை, ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் முடிவை எழுதும் விதம் மாறும்.

எழுதுவதும் திருப்பிக் கொடுப்பதும்

பதிவுகளை மேற்கோளாக வரிக்கு வரி போடாதீர்கள். பொதுப் பதிவென்றால் அந்த வரியைத் தேடுபெட்டியில் போட்டு ஆளைப் பிடித்துவிடலாம். பொருளைக் காத்துக்கொண்டு உங்கள் சொல்லில் எழுதுங்கள். ‘டர்பன் தமிழர்கள்’ என்று எழுத வேண்டாம், ‘மூன்று கோயில் குழுக்களில் எழுத்தில் பங்கெடுத்தவர்கள்’ என்று எழுதுங்கள். வாசிக்கச் சப்பென்று இருந்தாலும் உங்களால் நிரூபிக்க முடிவது அவ்வளவுதான்.

அச்சுக்குப் போகும் முன் கோயில் குழுவிடமும் தரவு கொடுத்தவர்களிடமும் கொண்டுபோய்க் காட்டுங்கள். ஆய்வேட்டைக் கொடுத்தால் யாரும் படிக்க மாட்டார்கள். இரண்டு பக்கம் எளிய ஆங்கிலத்தில் எழுதி, பூஜை முடிந்து சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில் பேசுங்கள். அங்கே எழும் மறுப்புகள் எந்த மதிப்பீட்டாளர் எழுப்புவதையும்விடக் கூர்மையாக இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு, ஏற்க முடிந்ததைத் திருத்துங்கள். ஏற்க முடியாததையும் இன்ன காரணத்தால் ஏற்கவில்லை என்று கட்டுரையிலேயே எழுதுங்கள்.

காலக்கணக்கும் போட்டுவையுங்கள். அறநெறிக் குழுவின் பதில் வரவே மாதக்கணக்கில் ஆகலாம், திருத்தம் கேட்டால் இன்னும் இழுக்கும். ஈஸ்டர் வாரத்து மாரியம்மன் திருவிழா முடிந்ததும் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றும் வீடுகளுக்குப் போய் முகம் பழகிக்கொள்ளுங்கள், அப்போது கணினியைத் திறக்க வேண்டாம். செப்டம்பர் நடுவில் புரட்டாசி பிறக்கும்போது கையில் அனுமதிக் கடிதமும், ஒப்புதல் தந்த இருபது பேரின் பட்டியலும், அந்த மாதத்தில் மின்வெட்டு அறிவித்திருந்தால் அதன் அட்டவணையும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.